24 டின் பீரும் 3,000 ரூபாய் ஏஜென்ட்டும்

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பேத்தியின் காதுகுத்துக்காக மருமகளோடும் நாலு வயதுப் பேத்தியோடும் திருச்சியில் வந்து இறங்குகிறான். மச்சான்களுக்கென்று டைகர் பீர் ஒரு பெட்டி, 320 மி.லி. டின் 24, ஐம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வாங்கி வரப்போகிறானாம். எங்கள் ஊரில் டிக்கெட் போட்டுத் தருகிறவர், "ஏர்போர்ட்டில் பிடித்தால் கேஸாகிவிடும், 3,000 ரூபாய் கொடுங்கள், நம்ம ஆள் வெளியே கொண்டுவந்துவிடுவார், குழந்தை பேரிலும் 2 லிட்டர் காட்டலாம்" என்கிறார். என்ன செய்வது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, முதலில் அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். வராது, ஆனாலும் கேளுங்கள்.

விஷயம் சின்னது. வெளிநாட்டிலிருந்து வருகிற பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம், வரி கிடையாது. அந்த 2 லிட்டரின் மதிப்பும் மற்ற சாமான்களுக்கான பொதுச் சலுகைத் தொகைக்குள்தான் கணக்காகும். விஸ்கி, ஒயின், பீர் எல்லாம் சேர்த்துத்தான் 2 லிட்டர். வகைக்கு வகை என்று தனித்தனியாக இல்லை. உங்கள் மகன் கணக்குப்படி ஆறு டின் 1.92 லிட்டர். ஏழாவது டின்னை வைத்தால் 2.24. ஆக, ஓர் ஆளுக்கு ஆறு டின். திருச்சியில் இறங்கியதும் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்குகிற பாட்டிலும் இதே 2 லிட்டருக்குள் அடக்கம். அது வேறு, இது வேறு என்று நினைத்து மாட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு மேல் போனால் குற்றமா? இல்லை. வரி. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். கூடுதலாக இருக்கிறது என்று நீங்களே போய்ச் சொன்னால் வரி கட்டுகிற பயணி. சொல்லாமல் நடந்தால்தான் வேறு பேச்சு: சரக்கு பறிமுதல், அதன் மேல் அபராதம், மீட்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு தொகை.

பீருக்கு வரி எவ்வளவு? போட்ட விலைக்கு ஒரு மடங்கு, மேலே கொஞ்சம். நூற்றுக்குச் சுமார் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரும் வருவதால் ஆளுக்கு ஆறாகப் பன்னிரண்டு டின்னுக்கு வரி இல்லை. மீதி பன்னிரண்டின் விலை 25 வெள்ளி. வெள்ளி 65 ரூபாய் என்று போட்டால் 1,625 ரூபாய். (சுங்கத்துறை தானே ஒரு மாற்று விகிதம் அறிவிக்கும், அதன்படிதான் போடுவார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.) அதற்கு வரி 1,790 ரூபாய் பக்கம்.

அரசாங்கம் கேட்பது 1,790. ஏஜென்ட் கேட்பது 3,000. அவர் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தருவது என்ன என்று நீங்களே பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், போட்டுப் பாருங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு சேர்க்க முடியாது என்று விதி இருக்கிறது. பன்னிரண்டு டின்னையும் மகன் பெட்டியில் அடுக்கிவிட்டு "பாதி என் மனைவியுடையது" என்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும். மருமகள் பெட்டியில் ஆறு, மகன் பெட்டியில் ஆறு என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். மருமகள் பெட்டியில் பீரா என்று உங்கள் வீட்டு அம்மா முகத்தைச் சுளிக்கலாம். சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆனால் குழந்தை விஷயம் வேண்டவே வேண்டாம். நாலு வயதுப் பிள்ளை பேரில் பீர் என்றால் அதிகாரி முதலில் சிரிப்பார்; சிரித்துவிட்டு மீதிப் பெட்டிகளையும் திறக்கச் சொல்வார்.

இந்த விதி நியாயமா என்று கேட்டால், முப்பது வருஷம் சுங்கத்துறைச் சட்டையைப் போட்டிருந்த நானே சொல்கிறேன், இல்லை. ஐந்து சதவீதப் பீர் 2 லிட்டரில் இருக்கிற சாராயம் 100 மி.லி. 42.8 சதவீத விஸ்கி 2 லிட்டரில் 856 மி.லி. இரண்டுக்கும் ஒரே படி வைத்து அளக்கிறோம். இங்கிலாந்துக்குள் போகிறவர் பீர் மட்டும் 42 லிட்டர் கொண்டுபோகலாம், விஸ்கிக்கு 4 லிட்டர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பீர் 16 லிட்டர், சாராய வகை 1 லிட்டர். பீர் வேறு, பிராந்தி வேறு என்று பிரிக்க அவர்களால் முடிகிறது. நம் ஊரில் கமிட்டி போடுவார்கள்.

இனி ஆட்கள். டிக்கெட் போடுகிறவரின் "நம்ம ஆள்" உள்ளே யாரையும் பார்க்கப்போவதில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பெட்டியைத் திறக்காமல் விட்டால் "நான்தான் சொல்லி வைத்தேன்" என்பார், திறந்துவிட்டால் போனை எடுக்க மாட்டார். இரண்டில் எது நடந்தாலும் 3,000 அவருக்கு.

இன்னொரு வகை, வருகைப் பகுதியில் நின்றுகொண்டு "அண்ணே, உங்க பாஸ்போர்ட்ல ரெண்டு பாட்டில் எடுத்துத் தாங்க, ஐந்நூறு தரேன்" என்பவர்கள். ஐந்நூறு ரூபாய்க்கு உங்கள் மகனின் 2 லிட்டர் போய்விடும். அப்புறம் அவன் பெட்டியில் இருக்கிற முதல் டின்னுக்கே வரி.

மூன்றாவது வகைதான் எனக்கு வயிற்றைக் கலக்குவது. சாங்கி விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் நிற்கும்போது, நம் ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டு ஒருவர் வருவார். "தம்பி எந்த ஊரு? நீடாமங்கலமா! எனக்கு வெயிட் ஜாஸ்தியாயிருச்சு, இந்த ஒரு பையை மட்டும் போட்டுக்குங்க." கூலிக்குச் சரக்குக் கடத்துகிற இவர்களுக்குக் குருவிகள் என்று பேர். நான் பணியில் இருந்தபோது ஒரு விமான நிலையத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் ஆறு டின் பீர் இருந்த பை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். எக்ஸ்ரேயில் ஒரு டின் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. கையில் எடுத்தேன், கனம். குலுக்கினேன், சத்தமே இல்லை. மூடியின் விளிம்பில் பசை ஒட்டிய தடம், நகத்தால் சுரண்டினால் வந்தது. உள்ளே பீர் இல்லை, குழைத்து அடைத்த தங்கம். பை கொடுத்தவர் எங்களுக்கு முன்னாலேயே வெளியே போய் டாக்ஸி ஏறிவிட்டார். பையன் அவர் பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை. ஊர் ஒன்று என்ற நம்பிக்கை. அவன் அப்பா மறுநாள் வந்து, வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் மகனிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்: தான் வாங்காத ஒரு டின்கூடத் தன் பெட்டியில் இருக்கக் கூடாது.

யாரும் சொல்லாத ஒரு வழி சுங்கச் சட்டம் 1962-ல் இருக்கிறது, 80-வது பிரிவு. வரி கட்ட வேண்டிய பொருளை உண்மையாக டிக்ளேர் செய்துவிட்டு, "எனக்கு வேண்டாம், திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். அவர்கள் நிறுத்திவைத்து ரசீது தருவார்கள். நாட்டை விட்டுத் திரும்பிப் போகிறபோது அந்த ரசீதைக் காட்டி வாங்கிக்கொண்டு போகலாம். உண்மையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். மறைத்துப் பிடிபட்ட பிறகு இந்தப் பேச்சை எடுக்க முடியாது. எந்த விமான நிலையத்திலிருந்து திரும்புகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். திருச்சியில் வைத்துவிட்டுச் சென்னையில் கேட்டால் அலைச்சல். கேமரா, நகை என்றால் அருமையான வழி. பீருக்கு? சிங்கப்பூரில் வாங்கிய பீரைத் திருச்சி கிடங்கில் மூன்று வாரம் வேக வைத்துவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே கொண்டுபோவதில் என்ன இருக்கிறது? ஆனாலும் வரி கட்ட மனசில்லாவிட்டால் குப்பைத்தொட்டியைத் தவிர இன்னொரு வழியும் உண்டு என்பதற்காகச் சொன்னேன். கவுண்டரில் கேட்டால் "அப்படியெல்லாம் இல்லை" என்கிற புது ஆட்களும் உண்டு. பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய்வருகிற வாசகர்கள் சிலரும் இதையே கேட்டிருந்தார்கள். கடல் வழியிலும் அதே 2 லிட்டர்தான். இலங்கையின் 625 மி.லி. லயன் பாட்டில் என்றால் மூன்று.

மகன் செய்ய வேண்டியது. டின்களைக் கைப்பையில் வைக்கக் கூடாது, பெரிய பெட்டியில்தான். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, நடுவில் துணி வைக்கச் சொல்லுங்கள். நசுங்கிய ஒரு டின் போதும், காதுகுத்துப் பட்டுப்புடவை முழுக்கப் புளிச்ச மாவு வாசனை. 24 டின் எட்டுக் கிலோவுக்கு மேல் வரும், டிக்கெட்டில் எடை பார்த்துக்கொள்ளட்டும். சிங்கப்பூர்க் கடை பில் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரி இணையத்தில் தேடி எடுக்கிற விலைதான் விலை. இறங்கியதும் வரி கட்ட வேண்டியவர்கள் போகிற ரெட் சேனல். "பீர் பன்னிரண்டு டின் கூடுதலா இருக்கு சார், வரி கட்டணும்." அவ்வளவுதான் வசனம். கார்டு மெஷின் ஓடாத நாளும் உண்டு, கையில் இரண்டாயிரம் ரூபாய் ரொக்கமாக இருக்கட்டும். பணம் கட்டினால் ரசீது. ரசீது தராமல் பணம் மட்டும் கேட்டால் அது வரி அல்ல.

அந்த ரசீதை ஏர்போர்ட் வாசலில் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். காதுகுத்து முடிந்து குடும்பத்தோடு திருநள்ளாறு போகிற எண்ணம் இருந்தால் குறிப்பாகச் சொல்கிறேன். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. திரும்பி வரும்போது வாஞ்சூர், நண்டலாறு எல்லைச் சாவடிகளில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறப்பார்கள். அங்கிருந்து சரக்குக் கடத்துகிறவர்களைத் தேடி நிற்கிறவர்களுக்கு, டிக்கியில் கிடக்கிற நாலு டைகர் டின் சிங்கப்பூரா காரைக்காலா என்று எப்படித் தெரியும்? அந்தப் பயணத்துக்கு டின்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ரசீதும் கடை பில்லும் கடைசி டின் காலியாகும் வரை மகன் பர்ஸில் இருக்கட்டும்.