காலி வீதி வரை வரும் அந்த பஸ் பாதையை நிறுத்தலாமா?

வணக்கம். கொழும்பில் பொரளைப் பக்கமிருந்து பம்பலப்பிட்டி வந்து, காலி வீதியில் தெற்கே போகும் பஸ் பாதை கிலோமீற்றருக்கான வருமானத்தில் கடைசியில் நிற்கிறது, அதை நிறுத்தும்படி அறிக்கை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் செலவைப் பிரித்துப் பாருங்கள். பாதையை நிறுத்தினால் டீசல் செலவும் டயர் தேய்மானமும் மிச்சமாகும். டிப்போ நிர்வாகச் செலவு அப்படியே இருக்கும். சாரதி, நடத்துநர் சம்பளமும் ஆளைக் குறைக்காதவரை குறையாது. ஒரு பேச்சுக்கு, கிலோமீற்றருக்கு 300 ரூபா செலவு, அதில் நிறுத்தினால் உண்மையில் மிச்சமாவது 170, வருமானம் 200 என்று வைப்போம். கணக்கில் நட்டத்தில் ஓடும் இந்தப் பாதையை நிறுத்தினால், கிலோமீற்றருக்கு 30 ரூபா கூடுதலாக இழப்பீர்கள்!

பயணிகள் கணக்கு இன்னும் சிக்கல். டிக்கட் மெஷின் பதிவை மட்டும் நம்பினால் சீசன் டிக்கட் மாணவர்கள் விடுபடக்கூடும். தனியார் பஸ்ஸில் சிலருக்கு டிக்கட்டே கிடைக்காமலும் போகலாம். ஆகவே ஒரு வேலை நாளில் காலை ஆறு மணி முதல் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஏறுவோர், இறங்குவோரை நீங்களே எண்ணுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

வெள்ளவத்தையில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்குபவருக்கு, இந்தப் பாதை நின்றாலும் 100, 101 இலக்க பஸ்கள் இருக்கின்றன. பொரளையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாவுக்கோ இரண்டு பஸ், இரண்டு கட்டணம். இந்த இரண்டு பேரையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

அதற்குப் பிறகும் குறைக்கத்தான் வேண்டுமென்றால், மதிய நேர ஓட்டங்களில் சிலதைக் குறையுங்கள். கடைசி பஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அது போனால், திரும்பி வர வழியில்லாதவர்கள் மாலை பஸ்ஸையும் விட்டுவிடுவார்கள்.