வைட்டமின் என்று சொன்ன மாத்திரை

அன்புள்ள அக்கா,

வணக்கம். பெயரைப் போட வேண்டாம். எனக்கு 32 வயசு. வீடு பெரம்பூர், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். 2021-இல் இரண்டாம் அலையில் அப்பா போன பிறகு தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு, வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்லச் சரியாச்சு. அதன்பிறகும் விடாமல் போட்டுக்கொண்டு வந்தேன்.

கல்யாணமாகி மூன்று மாசம் ஆகிறது. போன மாசம் பீரோவில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு மனைவி, "இது எதுக்குங்க?" என்றாள். "வைட்டமின்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் பாடி மேம்பாலத்தில் வண்டியில் போகும்போது பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினேன். தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்றது. அதிலிருந்து கண்ணைத் திருப்பும்போதெல்லாம் அப்படித்தான். கிறுகிறுப்பு, குமட்டல், விடிய விடியக் கெட்ட கனவு. சாம்பாரில் உப்பு இல்லை என்று மனைவியிடம் கத்திவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். தாங்க முடியாமல் ஒரு மாத்திரை போட்டேன். சாயங்காலத்துக்குள் பாதி அடங்கிவிட்டது. இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிறேன். போடாத நாள் நரகம். பழைய வியாதி திரும்பிவிட்டதா? இல்லை, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?

அன்புள்ள தம்பி,

இரண்டுமே இல்லை என்றுதான் உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது. ஆனால் நான் டாக்டர் இல்லை. இதே கிறுகிறுப்பில் கிடந்து எழுந்தவள், அவ்வளவுதான். அதனால் இதைப் படித்த கையோடு உங்கள் டாக்டரைப் போனில் பிடியுங்கள். நீங்களாக நிறுத்தியதையும் இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் பழையபடி தினமும் போடச் சொல்லி, உடம்பு நிலைக்கு வந்த பிறகு படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் வேளச்சேரியில் இருந்தேன். அப்போது வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அட்டையில் கடைசி மாத்திரை 3-ஆம் தேதி ராத்திரி தீர்ந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்தேன். விடிந்தால் வாசற்படி வரை தண்ணீர், கரண்ட் இல்லை, தெருமுனை மருந்துக் கடையின் ஷட்டருக்குப் பாதி உயரம் தண்ணீர். மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மண்டைக்குள் நீலமாக ஒரு பொறி தெறித்தது, காதில் 'விஸ்க்' என்று ஒரு சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெள்ளத்தைப் பார்த்த பயம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். தண்ணீர் வடிந்து மாத்திரை கைக்கு வந்தது. போட்ட மறுநாளே பொறி நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. அத்தனை வருஷம் அந்த மருந்தை எழுதிக் கொடுத்த டாக்டர், ஒரு நாள் தவறினால் இப்படி ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மனச்சோர்வு மருந்துகளில் வென்லாஃபாக்சினும் பராக்ஸெடினும் ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் போய்விடும், அதனால் தொல்லையும் சீக்கிரம் வரும். ஃப்ளுவாக்ஸெடின் வாரக் கணக்கில் உடம்பில் தங்கும். உங்களுடையது நடுவில். ஏறக்குறைய 30 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். நாலாம் நாள் பாலத்தில் உங்களுக்கு ஏன் அடித்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவது ஏன் ஆகாது என்பதற்கும் இதுதான் காரணம். 48 மணி நேர இடைவெளியில் அளவு பாதிக்கும் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது. தினம் தினம் மூளையைக் கிணற்றில் இறக்கி ஏற்றுகிற மாதிரி.

அடிமை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். போதைக்கு அடிமையானவனுக்கு அது வேண்டும் வேண்டும் என்றிருக்கும், அளவு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் ஆரம்பத்திலிருந்து அதே 10 மில்லிகிராமில்தானே இருக்கிறீர்கள்? வருஷக் கணக்கில் அந்த மருந்தோடு இருந்து பழகிய நரம்புகளிடமிருந்து ஒரே ராத்திரியில் அதைப் பிடுங்கினீர்கள், அவை தடுமாறுகின்றன. சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதற்காக யாரும் கூனிக் குறுகுவதில்லை.

வியாதி திரும்பிவிட்டதா என்பதைப் பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. அப்பா போன சமயத்தில் உங்களுக்குத் தலைக்குள் ஷாக் அடித்ததா? குமட்டியதா? இல்லை என்றால் இவை புதுசு, மருந்தை விட்டதால் வந்தவை. நிறுத்திய சில நாட்களுக்குள் வருவதும், மறுபடி போட்டால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்குவதும் இதன் குணம். மனச்சோர்வு திரும்பினால் வாரக் கணக்கில், மாசக் கணக்கில் மெல்ல ஏறும், ஒரு மாத்திரையில் சாயங்காலத்துக்குள் அடங்காது. அழுகையும் எரிச்சலும் தூக்கமின்மையும்தான் குழப்பும், அவை இரண்டிலும் வரும். அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, போட்ட அளவு, தூக்கம், தலைச்சுற்றல், மனசு, தினம் ஒரு வரி போதும். டாக்டருக்கு அது பெரிய உதவி.

எல்லாரும் இப்படித் தவிப்பதில்லை. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் 79 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொல்லை. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்குத் தொல்லை! ஆக மருந்தை விட்டதால் மட்டும் வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு, கடுமையாக வருவது நூற்றுக்கு மூன்று பேருக்கு. ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில் இருந்தவர்கள் கொஞ்ச காலமே மருந்து சாப்பிட்டவர்கள். வருஷக் கணக்கில் சாப்பிட்ட நம்மைப் போன்றவர்கள் கூடுதல் கவனமாக இருப்பதே நல்லது.

சரி, எப்படி இறங்குவது? 10-இலிருந்து 5, 5-இலிருந்து பூஜ்யம் என்றால் சமமான இரண்டு படி மாதிரித் தெரியும். மூளைக்கு அப்படி இல்லை. உங்கள் மருந்துக்கு அண்ணன் மாதிரியான சிட்டலோபிராமை வைத்து இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 20 மில்லிகிராம் சாப்பிட்டால் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் வந்து போகும் வாசல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் அடைபடுகிறது. 9 மில்லிகிராமுக்கு வந்தாலும் 70 சதவீதம் அடைத்தே இருக்கும். 1.5 மில்லிகிராமிலேயே 30 சதவீதம் அடையும். மேலே பாதிக்கு மேல் குறைத்தாலும் பெரிதாகத் தெரியாது, கீழே துளியூண்டு குறைத்தால் சரிவு. மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-இல் இதை எழுதினார்கள். மருத்துவர்களுக்கு வழிமுறை சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இருக்கும் அளவில் ஒரு பங்காகக் குறையுங்கள், அளவு சிறுத்தால் பங்கையும் சிறுசாக்குங்கள், முந்தைய படியின் தொல்லை தணிந்த பிறகே அடுத்த படி என்கிறது. எனக்குப் பத்து மாசம் பிடித்தது. முதல் பாதியைச் சிரமமில்லாமல் கடந்தேன். கடைசித் துண்டில் மூன்று மாசம் நின்றேன். ஒரு தடவை ஒரு படி மேலேறி மறுபடி இறங்கினேன். சிறு அளவுக்குத் திரவ மருந்து உண்டா, வேறு மருந்துக்கு மாற்றி இறங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெல்லக் கரையும் வகை மாத்திரை என்றால் நீங்களாக உடைக்காதீர்கள்.

இறங்கும் நாட்களில் மாத்திரைக்கு ஒரே நேரம் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம், மது வேண்டவே வேண்டாம். அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். இது நான் வெள்ளத்தில் படித்த பாடம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், நேரம் காலம் பார்க்காமல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். தமிழில் பேசலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமா? 2021-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நெடுநாள் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களில் நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் 56 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர். முடிவு உங்களுடையது, டாக்டருடையது. ஆனால் நீங்கள் முடிவே எடுக்கவில்லை தம்பி. பீரோ திறந்தது, பயந்துவிட்டீர்கள்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 'உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்' என்று பள்ளிக்கூடத்திலேயே வசவு கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. 1794 முதல் மனநோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு மருத்துவமனை இருக்கிற இடத்தின் பெயரையே ஏச்சாக்கிவிட்டோம். அந்தச் சொல் உங்கள் மனைவி வாயிலிருந்து வரவில்லை. அவர் கேட்டது 'இது எதுக்குங்க?' என்று மட்டும்தான். அப்பா போனது, படுத்துக் கிடந்தது, மாத்திரையால் எழுந்தது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். உப்புக்கு ஏன் கத்தினீர்கள் என்று தெரியாமல் அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பார். நோட்டில் எழுத உங்களுக்குத் தெரியாத மாற்றமும் அவர் கண்ணுக்குத் தெரியும். என் வீட்டில் அதைக் கவனித்தது என் தங்கை.

தலைக்குள் அந்த ஷாக் முழுக்க நிற்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட் பக்கம்தானே.

அன்புடன்,
அக்கா