கேள்வி பதில்: எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு?

எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் குடிநீர் வருகிறது. இரண்டு பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்து வைக்கிறோம். புழு இருப்பதாகச் சுகாதாரப் பணியாளர் சொன்ன அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தோம். மூன்றாம் நாளே மறுபடியும் புழு நெளிகிறது. குழாயிலேயே புழு வருகிறதா, ஐயா?
– வாசகி, மதுரை

குழாயின் மீது பழி போட வேண்டாம், அம்மா. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. கடுகைவிடச் சிறிதான அந்தக் கறுப்புப் புள்ளிகளை அழுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்கள் தண்ணீரைக் கொட்டியபோது புழுக்கள் போயின, முட்டைகள் சுவரிலேயே இருந்தன. புதுத் தண்ணீர் ஏறி அவற்றை நனைத்ததும் பொரித்துவிட்டன. காய்ந்த நிலையிலும் இந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அதனால்தான் கோடை முழுவதும் கொல்லையில் சும்மா கிடந்த ஒரு பழைய வாளி, ஐப்பசி மழையின் முதல் தண்ணீர் விழுந்த சில நாள்களில் ஒரு கொசுப் பண்ணையாகிவிடுகிறது.

ஆகவே கொட்டுவதைவிடத் தேய்ப்பதே முக்கியம். தேங்காய் நாரில் சிறிது பிளீச்சிங் பவுடரைத் தொட்டு உட்சுவர் முழுவதையும், குறிப்பாக விளிம்புக்குக் கீழுள்ள பகுதியை, அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரத்தில் ஒரு நாள் தவறாமல் இதைச் செய்தால் எந்தப் புழுவும் சிறகு முளைக்கும் வரை பிழைக்காது. நான்கு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீரை அப்படியே கொட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் வரும் நாளின் காலையில், டிரம்மில் அடித்தண்ணீர் மட்டும் இருக்கும்போது, அதைத் துணியில் வடிகட்டித் துணி துவைக்கவோ செடிக்கோ பயன்படுத்திக்கொண்டு, பிறகு டிரம்மைத் தேயுங்கள். வடிகட்டிய துணியை வெயிலில் காயும் மண்ணில் உதறிவிடுங்கள்.

புழுவைக் கொல்லப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரிலும் அனுமதித்துள்ள மருந்து அது. ஒரு சதவீத மருந்து கலந்த குருணையாக இருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம் என்பது கணக்கு. ஆனால் அளவை அவர்களே பார்த்துப் போடட்டும். டிரம்மைக் கழுவினால் மருந்தும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்கவில்லை. ஆனால் பட்டப்பகலில் கடிக்கிறது. எங்கிருந்து வருகிறது?
– வாசகர், திருச்சி

பகலில் கடிப்பதும், காலில் வெள்ளை வளையங்கள் இருப்பதும் ஏடிஸின் அடையாளங்கள். அது பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் 100, 200 மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. எனவே நீங்கள் தேட வேண்டியது உங்கள் வீட்டையும் பக்கத்து இரண்டு மூன்று வீடுகளையும்தான். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், அடியில், தண்ணீர் தேங்கும் ஒரு சிறிய தட்டு இருக்கும். அதை வாங்கிய நாளிலிருந்து ஒரு முறையாவது இழுத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பது என் அனுபவம். அடுத்து, வரவேற்பறையில் பாட்டிலில் வளரும் மணி பிளாண்ட், பூந்தொட்டிக்குக் கீழுள்ள தட்டு, எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம், பழைய ஆட்டுக்கல்லின் குழி, மொட்டை மாடியில் போட்டுவைத்த டயர். எறும்புக் கிண்ணத்தில் ஒரு பிடி உப்பைப் போடுங்கள், ஆட்டுக்கல் குழியை மணலால் நிரப்புங்கள். மணி பிளாண்டை மண்ணுக்கு மாற்ற மனமில்லையென்றால், வாரந்தோறும் தண்ணீரை மாற்றும்போது வேரையும் கழுவி, பாட்டிலின் உட்புறத்தையும் தேயுங்கள்.

பக்கத்து மனை பூட்டிக் கிடந்து, அதில் டயரும் தொட்டியுமாக இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கொசு உற்பத்திக்கு இடம் கொடுக்கும் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது.

மாலை ஆறு மணியானால் கதவைத் திறக்க முடியவில்லை. தெருச் சாக்கடைதான் காரணம் என்று பேரூராட்சியில் புகை மருந்து அடிக்கச் சொன்னோம். அடித்தார்கள், இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது.
– வாசகர், கும்பகோணம் அருகில்

புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை அது தொடுவதே இல்லை. புகை அடித்தால் ஏதோ நடந்த மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் மக்களும் அதையே கேட்கிறார்கள்.

மாலையிலும் இரவிலும் மொய்ப்பது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுவே. ஏடிஸுக்குத் தெளிந்த தண்ணீர் என்றால் இதற்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும். தெருச் சாக்கடையைக் குறை சொல்வதற்கு முன், உங்கள் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாயை அண்ணாந்து பாருங்கள். அதன் வாயில் வலை கட்டப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், அந்தத் தெருவின் பாதிக் கொசு உங்கள் குழாய் வழியாகவே வந்துபோகலாம். நைலான் கொசுவலைத் துண்டை இரண்டாக மடித்து, குழாயின் வாயில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் அது நைந்துபோகும், ஆகையால் அவ்வப்போது மாற்ற வேண்டும். தொட்டியின் மூடியில் விரிசல் இருந்தால் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். விரல் நுழையாத கீறலிலும் கொசு தாராளமாக நுழையும்.

மூடிய கழிவுநீர்க் குழியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சிறிய தெர்மாகோல் மணிகளைத் தண்ணீர்ப் பரப்பு முழுவதும் ஓர் அடுக்காக மிதக்கவிட்டால், புழு மேலே வந்து மூச்சு விட முடியாது, தாய்க்கொசு இறங்கி முட்டையிடவும் முடியாது. மணி மட்குவதில்லை என்பதால் பலன் நெடுங்காலம் நிற்கும். மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்காக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். திறந்த சாக்கடையில் இதைப் போட்டுவிடாதீர்கள், முதல் மழையிலேயே மணிகள் குளத்துக்குப் போய்விடும்.

மாடித் தொட்டியில் இருப்பது குழாய்த் தண்ணீர். அதிலும் மலேரியாக் கொசு வளரும் என்கிறார்களே?
– வாசகி, சென்னை

வளரும். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி, கிணற்றையும் மாடித் தொட்டியையும் விரும்பும் கொசு. மற்றக் கொசுக்களின் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். அனாபிலஸ் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தபடி கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்பதோடு, தண்ணீர் நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கும் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்ட எத்தனையோ வீடுகளில் கொசு அந்தக் குழாய் வழியாகத்தான் போய்வருகிறது.

வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பால் வெட்டாத மழை நாள்களில் மரத்தில் மாட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸின் தோட்டத்து இனம் அவற்றில்தான் பெருகுகிறது.

கிணற்றில் கப்பி மீன் விடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உறைக்கிணற்றிலும் சிமெண்டுத் தொட்டியிலும் தாராளமாக விடலாம். கம்பூசியா என்ற மீனும் புழுவைத் தின்னும், ஆனால் வீட்டுக்குக் கப்பியே போதும். பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு மீனை விட்டால் செத்துப்போகும். மருந்து நெடி போன பிறகு விடுங்கள். புழு குறைந்துவிட்டதே என்று தவிடும் சோறும் போட்டுக் கொழுக்க வைக்காதீர்கள், வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடிப் போகாது. குஞ்சுகள் அதிகமாகிவிட்டால் அக்கம்பக்கத்துத் தொட்டிகளுக்குக் கொடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விட வேண்டாம், அங்கே ஏற்கெனவே இருக்கும் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் இவை தின்றுவிடும்.