பில் வரும் முன்பே விலையைக் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: ஊரிலிருந்து எங்களோடு தங்க வந்திருக்கும் அம்மாவுக்கு வலது முழங்காலில் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பழைய வலி என்பதால் பயணக் காப்பீடு கிடைக்காது; கையிலிருந்துதான் கட்ட வேண்டும். மருத்துவமனையில் கேட்டால் ‘பில் வந்தால்தான் தெரியும்’ என்கிறார்கள். விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இல்லையா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. மருத்துவமனை தன் விலைப்பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. காப்பீடு இல்லாதவருக்கு, அவர் பெயரிலேயே செலவு மதிப்பீடு எழுதித் தர வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது விலையை ஒப்பிடவும் பேரம் பேசவும் உதவும். பில் எகிறும்போது கைகொடுப்பது இரண்டாவதுதான். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் வேலையாக டாக்டரிடம் சிபிடி குறியீட்டை, அதாவது ஒவ்வொரு மருத்துவச் சேவைக்கும் உள்ள எண்ணை, கேட்டு வாங்குங்கள். படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியே செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாத முழங்கால் எம்ஆர்ஐக்கு 73721. மருந்து செலுத்தி எடுத்தால் 73722. மருந்து இல்லாமல் ஒரு முறை, செலுத்தி மறுமுறை என்றால் 73723. மூன்றுக்கும் விலை வேறு வேறு. ‘முழங்கால் ஸ்கேன் எவ்வளவு?’ என்றால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. எண்ணைச் சொன்னால் கணினியில் தேடிப் பார்ப்பார்கள்.

அடுத்து மருத்துவமனையின் இணையதளம். 2021 ஜனவரி 1 முதல் விலைகளை வெளியிடுவது கட்டாயம். பக்கத்தின் அடியில் ‘ப்ரைஸ் டிரான்ஸ்பரன்சி’ (விலை வெளிப்படைத்தன்மை) என்ற இணைப்பு இருக்க வேண்டும். அங்கே இருக்கும் பெரிய கோப்பு கணினிகள் படிப்பதற்கானது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முன்கூட்டியே திட்டமிடக்கூடிய 300 சேவைகளின் பட்டியலோ விலை மதிப்பீட்டுக் கருவியோ தனியாக இருக்கும். அந்த 300-இல் 70 சேவைகளை அரசே குறித்திருக்கிறது. 73721 அதில் ஒன்று. பெயர், கடவுச்சொல் கொடுத்துப் பதிவு செய்தால்தான் கோப்பைப் பார்க்கலாம் என்று சொல்லக் கூடாது.

பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியது, ரொக்கமாகக் கட்டுவோருக்கான தள்ளுபடி விலை. பக்கத்திலேயே காப்பீட்டு நிறுவனங்களோடு பேசி முடித்த விலைகளும் இருக்கும். அவற்றில் மிகக் குறைந்த விலை ரொக்க விலையைவிடக் கீழே இருந்தால், அதைச் சுட்டிக்காட்டிக் குறைக்கச் சொல்லலாம். தனியார் ஸ்கேன் மையங்களிலும் விசாரியுங்கள். இந்த வெளியீட்டு விதி அவற்றுக்குப் பொருந்தாது என்றாலும் விலை பெரும்பாலும் மருத்துவமனையைவிடக் குறைவு.

இனி முக்கியமான தாள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டப்படி, ‘செல்ஃப் பே, குட் ஃபெய்த் எஸ்டிமேட் வேண்டும்’ (கையிலிருந்து கட்டுகிறோம், செலவு மதிப்பீடு எழுதித் தாருங்கள்) என்று கேளுங்கள். கேட்ட நாளிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். செலவு எவ்வளவு என்று விசாரித்தாலே அது கோரிக்கையாகக் கணக்காகும். கேட்காவிட்டாலும், ஸ்கேனுக்கு 10 வேலை நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நாள் குறித்தால் 3 வேலை நாட்களுக்குள்ளும், 3 முதல் 9 வேலை நாள் இருந்தால் மறு வேலை நாளுக்குள்ளும் தந்தாக வேண்டும். போனில் வாய்மொழியாகச் சொன்ன விலையை நம்பிப் போகாதீர்கள். தாளில் அம்மாவின் பெயர், நோய்க் குறியீடு, 73721, எதிர்பார்க்கும் கட்டணம் எல்லாம் இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: படம் எடுப்பவர் ஒருவர், அதைப் படித்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட் இன்னொருவர். அவர் தனியாக பில் அனுப்பலாம். ‘இதில் ரேடியாலஜிஸ்ட் கட்டணம் சேர்ந்ததா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் அவரிடமும் தனி மதிப்பீடு வாங்குங்கள். ஸ்கேன் அன்று ‘கான்ட்ராஸ்ட் போட்டும் எடுத்துவிடலாம்’ என்றால் கையிலுள்ள தாள் பழைய சேவைக்கானது. சம்மதிக்கும் முன் புது விலையைக் கேளுங்கள்.

பில், மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் அரசிடம் முறையிடலாம். உதாரணமாக மதிப்பீடு 900 டாலர் என்றால், 1,250-க்கு முறையிட முடியாது; 1,300-க்கு முடியும். இந்த 400-ஐ ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியே பார்ப்பார்கள். மருத்துவமனையில் 250 கூடுதல், ரேடியாலஜிஸ்டிடம் 200 கூடுதல் என்று இரண்டையும் கூட்டிக் காட்ட முடியாது. முதல் பில்லின் தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அந்த 25 பில்லிலிருந்து கழியும். விசாரணை முடியும்வரை கடனை வசூல் நிறுவனத்திடம் தள்ளிவிட முடியாது.

இணையதளத்தில் விலையே இல்லையென்றால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் என்ற அரசு அமைப்பின் தளத்தில் புகார் செய்யலாம். பெரிய மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வரை அபராதம் உண்டு. அது அரசுக்குப் போகும், உங்கள் பில்லைக் குறைக்காது. ஆகவே புகார் ஒரு பக்கம் இருக்கட்டும். நாள் குறிக்கும் முன் மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள்.