எண்ணூருக்கு வந்த காக்கா ஆழி

அன்புள்ள ஐயா,
எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி என்கிற சிப்பி பெருகி இறாலே படுவதில்லை என்று மீனவர்கள் வருந்துகிறார்கள். தென் அமெரிக்கச் சிப்பியாம், கப்பலில் வந்ததாம். ஆழிக் குஞ்சுகள் கடலில் மிதந்து கரை கரையாகப் போவது காலங்காலமாக நடப்பதுதானே? கப்பலைக் குற்றம் சொல்வானேன்?
எஸ்., திருவள்ளூர்

அன்புள்ள எஸ்.,

மிதந்து போவது உண்மைதான். சில நத்தைக் குஞ்சுகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து அட்லாண்டிக்கையே கடந்துவிடும். ஆனால் போய்ச் சேர்ந்தால் போதுமா? கொஞ்ச நாளாக இதே யோசனையில்தான் இருக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் ராக்கால் என்று ஒற்றைப் பாறை. உயரம் 17 மீட்டர்தான். பக்கத்துத் தீவுக்கே சுமார் 300 கிலோமீட்டர். அந்தப் பக்கத்துக் கரைகளில் இரண்டு வகைக் கடல் நத்தைகள் உண்டு. ஒன்றின் குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதக்கும். இன்னொன்று குஞ்சுகளை உள்ளேயே வைத்து வளர்த்து, ஓட்டோடு பாறையில் விடும். ராக்காலில் இருப்பது எது தெரியுமா? மிதக்காதது!

1988-ல் சுவீடன் ஆய்வாளர் கெர்ஸ்டின் யோஹன்னசன் இதற்குக் காரணம் சொன்னார். மிதந்து வந்தது ஒன்றிரண்டு ஒட்டி வளர்ந்தாலும், அது ஈனும் குஞ்சுகளைக் கடல் அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்த தலைமுறைக்கு அங்கே ஆளில்லை. சினையுள்ள ஒரே ஒரு தாய் எதையாவது தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தால் போதும், பிள்ளைகள் அவள் பக்கத்திலேயே இருக்கும், குடும்பம் நிலைத்துவிடும்.

இப்போது காக்கா ஆழிக்கு வாருங்கள். அது முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகிற ஜாதி. பக்கத்தில் துணை இல்லாவிட்டால் வம்சமே இல்லை. கடல் கொண்டுவந்தால் உதிரியாகக் கொண்டுவரும். கப்பல் அப்படியா? அடிப்பகுதியில் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்தோ, பாரத்துக்கு நிரப்பிய தண்ணீரில் கணக்கில்லாத குஞ்சுகளோடோ கொண்டுவந்து ஒரே துறைமுகத்தில் இறக்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது சும்மாவா?

'காலங்காலமாக' என்று லேசாக எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இருளர் பெண்கள் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் அமர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். அந்தச் சேற்றின் மேல் ஆழி பாய் விரித்தாற்போல் படர்ந்தால் இறால் எங்கே புதையும்? துழாவும் விரல் என்ன ஆகும்?

கேள்வி கேட்டதில் தப்பே இல்லை, நிறையக் கேளுங்கள். ஆனால் ஒருநாள் எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் போய்வந்து எழுதுங்கள், உங்களுக்குத் தூரமில்லை. இறங்கினால் செருப்போடு இறங்குங்கள், ஓடு காலைக் கிழித்துவிடும்.