சதவீதக் கணக்கில் தடுமாறும் மகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கூட்டல், பெருக்கல் எல்லாம் பிழையில்லாமல் போடுகிறாள். லாபம், தள்ளுபடி என்று வந்தால் மட்டும் எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் குழம்புகிறாள். ‘20% தள்ளுபடி போக ஒரு புடவை 960 ரூபாய்க்கு விற்கப்பட்டது. குறித்த விலை என்ன?’ என்ற கணக்குக்கு 1,152 என்று விடை எழுதியிருந்தாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலில் 1,152 எப்படி வந்தது என்று பாருங்கள். 960இல் 20% என்பது 192. இரண்டையும் கூட்டினால் 1,152. கூட்டலிலும் பெருக்கலிலும் உங்கள் மகள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் கடைக்காரர் 960இலிருந்து 20% குறைக்கவில்லை; புடவையில் ஒட்டியிருந்த விலையிலிருந்துதான் குறைத்தார். அந்த விலை இன்னும் நமக்குத் தெரியாது. தெரியாத தொகையின் சதவீதத்தை, கண்ணில் பட்ட தொகையில் போட்டுவிட்டாள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் செய்யும் பெரும்பாலான பிழைகள் இந்த வகைதான்.

ஆகவே சூத்திரத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். சதவீதம் எங்கே வந்தாலும் ‘எதில்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தள்ளுபடி, குறித்த விலையில். லாபமும் நட்டமும், அடக்க விலையில். வட்டி, அசலில், கூட்டு வட்டியானால் ஆண்டுதோறும் வட்டி சேர்ந்து வளர்ந்த தொகையில். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யலாம், தப்பில்லை.

இப்போது புடவைக்கு வருவோம். எதில் 20%? குறித்த விலையில். அப்படியானால் குறித்த விலைதான் 100%. இதை நோட்டில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். 20 போனால் மீதி 80. வாங்கியவர் கொடுத்தது அந்த 80%; அதுதான் 960 ரூபாய். 80% என்பது 960 என்றால், எட்டால் வகுக்க, 10% என்பது 120. பத்து மடங்காக்கினால் 100%, அதாவது 1,200 ரூபாய்.

இதோடு நிறுத்தாமல் விடையைச் சரிபார்க்கவும் பழக்குங்கள். 1,200இல் 20% என்பது 240, கழித்தால் 960. பொருந்துகிறது. 1,152ஐயும் இப்படியே சோதிக்கச் சொல்லுங்கள்: அதில் 20% என்பது 230.40, கழித்தால் 921.60தான் வருகிறது. நீங்கள் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியதே இல்லை, அவளே கண்டுகொள்வாள். என் கருத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பதில் இதைவிட மதிப்புள்ள பழக்கம் வேறில்லை.

அதே புடவையை வைத்தே இன்னொரு கேள்வி கேளுங்கள்: 960க்கு விற்றும் கடைக்காரருக்கு 20% லாபம் என்றால், அடக்க விலை என்ன? இங்கும் 20% வருகிறது, ஆனால் எதில்? அடக்க விலையில். இப்போது அதுதான் 100%. லாபம் சேர்ந்து 120% ஆனது 960. பன்னிரண்டால் வகுத்தால் 10% என்பது 80. அடக்க விலை 800 ரூபாய். ஒரே 960, ஒரு பக்கம் 1,200இன் 80%, மறுபக்கம் 800இன் 120%. இந்த இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பார்த்த பிள்ளைக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘விலையை 20% ஏற்றி, பிறகு 20% குறைத்தால் பழைய விலைதானே?’ என்றும் கேட்டுப் பாருங்கள். 100 ரூபாய் 120 ஆகிறது, 120இல் 20% என்பது 24, மீதி 96. நான்கு ரூபாய் குறைகிறது, ஏனென்றால் இரண்டாவது 20% வேறொரு தொகையில் போடப்பட்டது.

புத்தகத்தில் இருக்கும் சூத்திரம், விற்பனை விலையை 100ஆல் பெருக்கி, 100இலிருந்து தள்ளுபடி சதவீதம் போக மீதியால் வகுப்பது. புடவைக் கணக்கில் நாம் செய்ததும் அதுவேதான். படிப்படியாக நாலைந்து கணக்கு போட்ட பிறகு அதைக் காட்டினால், எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே புலப்படும். பரீட்சையில் ‘குறித்த விலை 100% என்க’ என்ற வரியிலிருந்து எல்லாப் படிகளையும் எழுதட்டும். கடைசியில் கை தவறினாலும் படிகளுக்கு உரிய மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பயிற்சிக்கு, 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய் வந்த ஒரு பில்லில் வரி எவ்வளவு என்று கேளுங்கள். 1,180இல் 18% எடுத்து 212.40 என்றால், ‘எதில்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 118% என்பது 1,180, ஆகவே வரிக்கு முந்தைய விலை 1,000, வரி 180 என்று அவளே சொல்லும்வரை பென்சிலை நீங்கள் வாங்காதீர்கள்.