சார்லஸ் மன்னர் இறந்தது 1648-இலா, 1649-இலா?

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. எங்கள் வரலாற்று மன்றக் கண்காட்சிக்காக 1648ஆம் ஆண்டில் உலகெங்கும் நடந்தவற்றை ஒரே காலக்கோட்டில் வரையும்படி மாணவர்களிடம் சொன்னேன். அவர்கள் திரட்டி வந்த தேதிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட நாள் ஒரு குறிப்பில் 1648 ஜனவரி 30, இன்னொன்றில் 1649 ஜனவரி 30, மூன்றாவதில் 1649 பிப்ரவரி 9. ஐரோப்பாவின் முப்பது ஆண்டுப் போருக்கான அமைதி ஒப்பந்தமான வெஸ்ட்பாலியா உடன்படிக்கைக்கு அக்டோபர் 14, 24 என இரண்டு தேதிகள். எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது?

பதில்: எதையும் அடித்துவிடாதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்து தேதிகளுமே சரியானவை. உங்கள் காலக்கோடு பல நாடுகளை ஒரே வரிசையில் நிறுத்துவதால் அதற்கு ஒரே அளவுகோல் வேண்டும். நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் சார்லஸின் மரணம் 1649 பிப்ரவரி 9. வெஸ்ட்பாலியா 1648 அக்டோபர் 24. அந்தந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்த தேதியை அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் கட்டாயம் சேருங்கள். அது ஏன் கட்டாயம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். பழைய ஜூலியன் கணக்கு பருவகாலங்களிலிருந்து பத்து நாள் நழுவியிருந்தது. அதைச் சரிக்கட்டவே இந்தத் தாவல். ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, பிரான்ஸ் முதலிய கத்தோலிக்க நாடுகள் உடனே அல்லது விரைவில் ஏற்றுக்கொண்டன. புராட்டஸ்டண்டு நாடுகள் பலவும் போப்பின் சொல்லைக் கேட்க மறுத்துவிட்டன. இங்கிலாந்து 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. ஜெர்மனியின் புராட்டஸ்டண்டு சிற்றரசுகள் 1700 வரை மாறவில்லை. வெஸ்ட்பாலியா உடன்படிக்கையில் இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட்டதால் இரண்டு தேதிகளும் புழங்கின. உங்கள் அக்டோபர் 14-உம் 24-உம் அப்படி வந்தவை, நாள் ஒன்றுதான்.

சார்லஸ் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. அக்கால இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது ஜனவரி 1-இல் அல்ல, மார்ச் 25-இல். கன்னி மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் அது. நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. சித்திரை பிறக்கும்வரை தை, மாசி, பங்குனி மூன்றும் பழைய ஆண்டின் பெயரில்தானே ஓடுகின்றன? அதே போல 1648 டிசம்பர் முடிந்து ஜனவரி வந்தபோதும் இங்கிலாந்தில் 1648 நடந்துகொண்டிருந்தது. அண்டை நாடான ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. அங்கே அதே நாள் 1649 ஜனவரி 30. எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆண்டே மாறும்.

சார்லஸின் மரண ஆணை இன்றும் இருக்கிறது. ஒற்றைத் தோல் ஏடு. கீழே வரிசை வரிசையாக அவரை விசாரித்த நீதிமன்றத்தார் 59 பேரின் கையெழுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு அரக்கு முத்திரை. மறுநாள் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையே தண்டனையை நிறைவேற்ற வேண்டும் என்கிறது அந்த ஆணை. அதன் தலைப்பில் உள்ள தேதி ஜனவரி 29, 1648. ஒரு மன்னரைக் கொல்லக் கையெழுத்திட்ட 59 பேரும் தாங்கள் 1648-இல் இருப்பதாகவே எண்ணினார்கள். மறுநாள் குளிர் கடுமையாக இருந்தது. நடுங்கினால் அச்சத்தால் நடுங்குவதாக மக்கள் நினைத்துவிடுவார்கள் என்று சார்லஸ் இரண்டு சட்டைகளை அணிந்துகொண்டு மேடைக்குப் போனார். உங்கள் மாணவன் கொண்டுவந்த ‘1648’ அந்த ஏட்டிலிருந்து இறங்கி வந்த எண். அதை எப்படி அடிப்பது?

ஆனால் அதை அப்படியே காலக்கோட்டில் ஏற்றினால் விபரீதமாகிவிடும். எண்பது ஆண்டுப் போரை முடித்து, டச்சுக் குடியரசைச் சுதந்திர நாடாக ஸ்பெயின் ஒப்புக்கொண்ட மூன்ஸ்டர் உடன்படிக்கை கையெழுத்தானது 1648 ஜனவரி 30. இது கிரிகோரியன் தேதி. மன்னரின் மரணத்தையும் 1648 ஜனவரி 30 என்று எழுதினால் இரண்டும் ஒரே நாளில் நடந்ததாகிவிடும். உண்மையில் இரண்டுக்கும் இடையே ஓர் ஆண்டும் பத்து நாளும் கிடக்கின்றன.

ஆகஸ்ட் மாதத்திலும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. பிரெஞ்சுப் படை ஸ்பானியர்களை வென்ற லான்ஸ் போர் ஆகஸ்ட் 20. ஆங்கில நாடாளுமன்றப் படைத் தளபதி ஆலிவர் குரோம்வெல், சார்லஸுக்காக வந்த ஸ்காட்லாந்துப் படையை முறியடித்த பிரெஸ்டன் போர் ஆகஸ்ட் 17 முதல் 19 வரை. நூல்களில் உள்ளபடி எழுதினால் பிரெஸ்டன் முந்தியது. பிரெஸ்டன் ஆங்கிலேயர் கணக்கு. பத்து நாள் கூட்டினால் 27 முதல் 29. அதாவது லான்ஸ் போர் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு. பாரிஸில் மக்களின் அன்பைப் பெற்ற நீதிபதி புரூசெல் கைதானதும், தெருவெங்கும் சங்கிலியும் பீப்பாயும் கொண்டு தடுப்பரண் எழுந்ததும் ஆகஸ்ட் 26 முதல் 28 வரை. இங்கிலாந்தில் மன்னரின் கடைசி நம்பிக்கை சிதறிய அதே நாட்களில் பாரிஸில் குழந்தை மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனை முற்றுகைக்குள் இருந்தது. தேதியைத் திருத்தியதும் இரண்டு நாட்டுக் கொந்தளிப்பும் ஒரே வாரத்துக்குள் வந்து நிற்கின்றன. காலக்கோடு வரைவதன் பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

எந்தக் கணக்கு என்று ஐயம் வந்தால் கிழமையைப் பிடியுங்கள். நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் ஆண்டோடு திதியும் நட்சத்திரமும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் தேதியை உறுதி செய்கிறார்கள்; அதே வழி இங்கேயும் செல்லும். சார்லஸ் இறந்தது செவ்வாய்க்கிழமை. இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கி ஓட்டினால் 1649 ஜனவரி 30 சனிக்கிழமை ஆகிறது, பொருந்தவில்லை. பிப்ரவரி 9 செவ்வாய், பொருந்துகிறது. இந்தச் சோதனையை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். நாம் சொல்லித் தருவதைவிட அவர்களுக்கு அது மனத்தில் நிற்கும்.

ஆனால் பத்து நாள் இடைவெளி கண்ணில் பட்ட இடமெல்லாம் நாட்காட்டிக் குழப்பம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உஸ்மானியப் பேரரசின் சுல்தான் இப்ராகிம் பற்றி ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 18 என்று இரண்டு தேதிகள் கிடைக்கும். இவை இரண்டு நிகழ்வுகள். 8-ஆம் தேதி அவர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, ஆறு வயது மகன் நான்காம் மெஹ்மத் சுல்தானாக்கப்பட்டான். 18-ஆம் தேதி இப்ராகிம் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். ஹிஜ்ரி கணக்கில் ரஜப் 18, ரஜப் 28. அங்கேயும் அதே பத்து நாள் இடைவெளி இருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களே கொண்டது. ஹிஜ்ரி 1058 தொடங்கியது 1648 ஜனவரி 27. அடுத்த ஜனவரி நடுவில் முடிந்தது. கிட்டத்தட்ட 1648-ஐ அப்படியே மூடிக்கொள்கிறது என்பது உங்களுக்கு வசதி. ஒரு மன்னர் புதுத் தலைநகரில் குடியேறிய செய்தியும் இந்த ஆண்டில் உண்டு: 1639-இல் கட்டத் தொடங்கிய டெல்லி செங்கோட்டைக்குள் ஷாஜகான் 1648 ஏப்ரலில் நுழைந்தார். பிறை பார்த்து மாதம் தொடங்குவதால் ஹிஜ்ரி தேதியை மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சீனாவில் ஆண்டின் பெயரே எழுதுபவரின் கட்சியைச் சொல்லிவிடும். மஞ்சு அரசை ஏற்றவர்கள் 1648-ஐ, தங்கள் பேரரசரின் ஆட்சியாண்டுப் பெயரால், ஷுன்ஷி 5 என்றார்கள். தெற்கே பின்வாங்கிப் போராடிய மிங் வம்சத்தாரின் ஆட்கள் யொங்லி 2 என்றார்கள். தேதி எழுதுவதே அரசியலாக இருந்த இடம்.

எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்ய உதாரணம். அங்கே உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். ஆண்டு பிறந்தது செப்டம்பர் 1-இல். செமியோன் தெஷ்னியோவ் என்ற கொசாக் வீரர் சைபீரியாவின் கொலிமா ஆற்று முகத்திலிருந்து ஏழு மரக்கலங்களில் சுமார் 90 பேருடன் கிழக்கே புறப்பட்டார். புறப்பட்ட நாளை அவர் தன் அறிக்கையில் ‘156ஆம் ஆண்டு ஜூன் 20’ என்கிறார். 7156 என்பதில் ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதும் வழக்கம் அது. அதே பயணத்தில் கரையில் சுக்சி மக்களோடு மோதிய நாள் ‘157ஆம் ஆண்டு செப்டம்பர் 20’. இடையில் மூன்றே மாதம். கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆண்டு பிறந்துவிட்டது. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையிலான தேதிக்கு 5508-ஐயும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரைக்கு 5509-ஐயும் கழித்தால் இரண்டுமே 1648. அக்டோபர் புயலில் சிதறி, அவருடைய கலம் மட்டும் 25 பேரோடு அனாதிர் ஆற்றுக்குத் தெற்கே கரையொதுங்கியது. பனியில் பத்து வாரம் நடந்து ஆற்றை அடைந்தார்கள். ஆசியாவும் அமெரிக்காவும் நிலத்தால் ஒட்டவில்லை என்பதைத் தாங்கள் கடந்து காட்டிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த நீரிணைக்குப் பின்னர் பெயர் தந்த கடலோடி பேரிங் அங்கே போனது 1728-இல். தெஷ்னியோவின் அறிக்கை யாகூத்ஸ்க் அலுவலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து 1736-இல்தான் ஓர் அறிஞரின் கையில் சிக்கியது.

நம் பக்கம் வந்தால் 1648 சித்திரையில் பிறந்தது சர்வதாரி ஆண்டு, சகம் 1570. சர்வதாரி என்று பார்த்ததும் 1648 என எழுதிவிடாதீர்கள். சர்வதாரி மாசி என்றால் அது 1649. இங்கிலாந்தின் மரண ஆணையில் உள்ள அதே பொறி. தமிழ் மண்ணிலிருந்து ஒரு நிகழ்வு வேண்டும் என்றால் செஞ்சி முற்றுகையைச் சேருங்கள். பிஜப்பூர்ப் படை செஞ்சியை வளைத்திருந்தபோது, 1648 ஜூலையில், அதன் தளபதி முஸ்தபா கான் தன் படையிலேயே இருந்த ஷாஜி போன்ஸ்லேயைக் கைது செய்தார். சிவாஜியின் தந்தை அவர். பின்னாளில் தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய ஏகோஜிக்கும் தந்தை.

இன்னொரு எச்சரிக்கை வெஸ்ட்பாலியா பற்றி. முப்பது ஆண்டுப் போர் 1648 அக்டோபர் 24-இல் ‘முடிந்தது’ என்று எழுதினால் இன்றைய செக் நாட்டின் பிராகா நகரத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸ்வீடன் படை ஜூலை 26-இல் ஆற்றின் ஒரு கரையைப் பிடித்துக் கோட்டையைச் சூறையாடியது. மறுகரையைப் பிடிக்க இன்று சார்லஸ் பாலம் எனப்படும் பாலத்தில் அந்தப் படை மோதியபோது பல்கலைக்கழக மாணவர்களும் நகரத்தாரும் எதிர்த்து நின்றார்கள். அமைதி கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி வந்து சேர நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை சண்டை நடந்தது. ஒப்புதல் ஆவணங்கள் கைமாறியது 1649 பிப்ரவரியில். ஆகவே ‘கையெழுத்து’ என்றே எழுதுங்கள், ‘முடிவு’ என்று எழுதாதீர்கள். காலக்கோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் அன்று நடந்த செயலைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்று வேண்டும்: கையெழுத்திட்டார்கள், புறப்பட்டார்கள், இறக்கினார்கள்.

சார்லஸ் மன்னரை என்ன செய்வது என்பீர்கள். தாளின் வலது ஓரத்தில், டிசம்பர் 31-ஐத் தாண்டி ஒரு விரற்கடை இடம் விட்டு, அங்கே எழுதச் சொல்லுங்கள்: ‘1649 பிப்ரவரி 9. இங்கிலாந்தில் இன்னும் 1648 ஜனவரி 30.’ கண்காட்சிக்கு வருபவர்கள் நின்று கேட்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

போரும் கொலையுமாக நிரம்பிய அந்தத் தாளில் செப்டம்பர் 19-க்கு ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிரான்ஸ் கிரிகோரியன் நாடு, எனவே திருத்தம் எதுவும் தேவையில்லை, சனிக்கிழமை. பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே, கிளெர்மோன் நகர மடத்துத் தோட்டத்தில் இரண்டு பாதரசக் குழாய்களை நிறுத்தி அளவு ஒன்றே என்று உறுதி செய்தார். ஒன்றை ஒரு துறவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அளவு மாறுகிறதா என்று நாள் முழுவதும் பார்த்திருக்கச் சொன்னார். மற்றொன்றோடு புய் தெ தோம் மலை ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. கீழே துறவி காத்த குழாயில் மயிரிழை மாற்றமும் இல்லை. காற்றுக்கு எடை உண்டு, ஏற ஏற அது குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் மலைக்கோட்டை இருக்கிறது. பாதரசம் நஞ்சு, அது வேண்டாம். காற்றழுத்த உணரி உள்ள இரண்டு செல்பேசிகள் போதும். முதலில் இரண்டையும் அடிவாரத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றை ஒரு மாணவியிடம் விட்டுவிட்டு மற்றொன்றோடு படியேறுங்கள். ஏறக்குறைய எட்டு மீட்டருக்கு ஓர் அலகு வீதம் அழுத்தம் குறையும். அந்த அலகின் பெயர் ஹெக்டோபாஸ்கல்.